சுவரில் மாட்டிய மீசைக்காரர்

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மணி ஒன்பதரை. மருதையனின் கடைசிப் புத்தக மூட்டையும் பரணுக்குப் போய்விட்டது. அலமாரியும் கொல்லைப்பக்கம் போய்விட்டது. கூடம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அலமாரி நின்ற இடத்தில், காரை பெயர்ந்து, சுவரில் ஒரு பெரிய பொத்தல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

“இதுக்கு அந்தக் குப்பையே இருந்திருக்கலாம்” என்றாள் அவர் மனைவி அம்சம்.

குப்பை என்று அவள் சொன்னது, நில அளவைத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மருதையன் சேர்த்த பழைய சரித்திரப் புத்தகங்களை. உள்ளே மடித்து ஒட்டிய ஒரு மேப்பும், மெல்லிய தாளுக்கு அடியில் நாலு ராஜாக்கள் படமும் இருந்தால் போதும், மனிதர் விடமாட்டார். மேப்பை விரித்து, காவிரி எங்கெங்கே பிரிகிறது, அதில் தன் ஊர் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவார். இதுவரை எந்த மேப்பிலும் ஊர் இல்லை. அதனால்தான் அடுத்த புத்தகம் வாங்குகிறார்.

மகள் கனிமொழியும் செழியனும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் கெஞ்சி இந்த நாளைக் கொண்டுவந்திருந்தார்கள். பெண்ணுடைய அப்பா பழைய பேப்பர் கடையே கதியென்று கிடப்பவர் என்பது தெரிந்து காரியம் கெட்டுவிடக்கூடாதே என்றுதான் அம்சம் எல்லாவற்றையும் பரணேற்றியிருந்தாள்.

“ஒரு படத்தை மாட்டினா மறைஞ்சிடும்” என்றார் மருதையன்.

பொத்தலை மறைக்கிற அளவுக்கு வீட்டில் ஒரே ஒரு படம்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய தடிமனான சரித்திரம் ஒன்றுக்குள்ளிருந்து தனியாக விழுந்ததை, ஆசையாகச் சட்டம் போட்டு வைத்திருந்தார். பழுப்புத் தாளில் தலைப்பாகை, முறுக்கு மீசை, சிங்கமுக நாற்காலி, பின்னால் அரண்மனைத் தூண்கள். பெயர் கிடையாது. தூண்களைப் பார்த்து, யாரோ மராட்டிய ராஜாவின் மந்திரி என்று மருதையன் முடிவு கட்டியிருந்தார்.

“யாருன்னு கேட்டா?”

“மந்திரின்னு சொல்றேன்.”

“மந்திரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. அப்புறம் உங்க புத்தகக் கதை பூராவும் வெளியே வரும்.” அம்சம் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். சாமிக்கு வாங்கிய மாலையையும் போட்டாள். “இப்ப யாரும் கேக்க மாட்டாங்க.”

வந்தார்கள். செழியன், நீடாமங்கலத்தில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அவன் அப்பா வைரக்கண்ணு, அம்மா ராஜாத்தி. கேசரித் தட்டை வாங்கியதும் ராஜாத்தியின் பார்வை நேராகச் சுவருக்குத்தான் போனது.

“இது யாருங்க?”

மருதையன் வாயைத் திறப்பதற்குள் அம்சம் முந்திக்கொண்டாள். “இவங்க கொள்ளுத்தாத்தா. அப்பா வழி.”

வைரக்கண்ணுவுக்குக் கேசரி புரையேறியது. சம்பந்தி அசந்துபோய்விட்டார் என்று நினைத்த மருதையன், “அவரு நடந்து வந்தா ஊரே எந்திரிச்சு நிக்குமாம்” என்று தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிட்டார்.

ராஜாத்தி கைப்பேசியைத் தேய்த்து நீட்டினாள். போன பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் எடுத்த போட்டோ. எல்லோருக்கும் பின்னால், சுவரில், அதே தலைப்பாகை, அதே மீசை, அதே சிங்க நாற்காலி.

“எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா. அப்பா வழி.”

ஒரே கொள்ளுத்தாத்தா என்றால் இரண்டு வீடும் பங்காளி. பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கை. காபித் தட்டோடு வந்த கனிமொழி, “அப்பா!” என்று கதவோரத்திலேயே நின்றுவிட்டாள்.

“சொந்தக் கொள்ளுத்தாத்தா இல்லைங்க, எங்க குடும்பத்தைத் தத்து எடுத்தவரு” என்றார் மருதையன் அவசரமாக.

“தத்துன்னாலும் பங்காளிதாங்க” என்றாள் ராஜாத்தி.

மருதையன் மனசுக்குள் அளந்து பார்த்தார். மீசைக்காரரை அம்சம் பக்கம் தள்ளிவிட்டால், அம்சமும் வைரக்கண்ணுவும் அண்ணன் தங்கை; செழியனும் கனிமொழியும் மாமன் மகன், அத்தை மகள். பிரமாதமான முறை!

“அம்சத்துக்கும் அவருதான் கொள்ளுத்தாத்தா!”

ராஜாத்தி அவரையும் அம்சத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப நீங்களும் உங்க வீட்டம்மாவும் என்ன முறைங்க?”

அம்சம் பார்த்த பார்வையில் மருதையன் பாதியாகிவிட்டார். மகள் கண்ணில் தண்ணீர் திரள்வதைப் பார்த்தபோது மீதியும் கரைந்தது. மானம் போனால் போகட்டும், பிள்ளை அழக்கூடாது.

“மன்னிச்சுக்குங்க. அவரு எங்களுக்கு யாருமே இல்லை. பழைய புத்தகத்துல கிடந்த படம். சுவத்துல பொத்தல், அதை மறைக்க மாட்டினேன்.”

“கல்யாணம் நடக்கணும்னு கொள்ளுத்தாத்தாவையே இல்லைங்கிறீங்களா?” என்றாள் ராஜாத்தி. “ஏங்க, நீங்களாவது கேளுங்களேன்.” வைரக்கண்ணு கேசரியைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை.

மருதையன் படத்தைக் கழற்றினார். பொத்தல் தெரிந்தது. ராஜாத்தி, “பொத்தல் இருந்தா தாத்தா இல்லைன்னு ஆயிடுமா?” என்றாள். வேறு வழியில்லாமல் மருதையன் ஏணி போட்டுப் பரணேறி, தூசியும் தும்மலுமாக அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினார்.

அதுவரை சிலையாக இருந்த வைரக்கண்ணு எழுந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். முன்பக்கம் எதையும் பார்க்காமல், நேராகக் கடைசி மடிப்பை விரித்தார்.

“அடடா, மேப்பு கிழியாம இருக்கே! என்னுதுல வெட்டாத்துக்குக் கிழக்க ஒண்ணுமே இல்ல!”

“என்னுதுன்னா?” என்றாள் ராஜாத்தி.

வைரக்கண்ணு வசமாக மாட்டிக்கொண்டார்.

“புத்தகம் வாங்கறதை விட்டாச்சுன்னு செழியன் தலைல அடிச்சு சத்தியம் பண்ணுனீங்க.”

“விட்டேன்தான். அது அப்புறம் வாங்குனது.” குரல் இறங்கியது. “இந்தப் படம் அதுக்குள்ள இருந்துச்சு. நீ கேட்டியா, தாத்தான்னுட்டேன். சம்பந்தி, எங்க நெஜமான கொள்ளுத்தாத்தா நடவு வயல்லயே நின்னவரு. அவரை யாருங்க போட்டோ புடிச்சா?”

“எங்க தாத்தனும் அதே வயல்தாங்க” என்றார் மருதையன்.

“காலி அரிசி டிரம்முக்கு எதுக்குப் பூட்டுன்னு இப்பல்ல தெரியுது!” என்றாள் ராஜாத்தி. முதலில் சிரித்தது அம்சம்தான். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் தட்டு மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது.

“இருந்தாலும், மந்திரியை நீங்க தாத்தான்னிருக்கக் கூடாது” என்றார் மருதையன்.

“மந்திரியா? பாளையக்காரருங்க அவரு. மீசையைப் பாருங்க.”

“தூணைப் பாருங்க!”

இருவரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே எண். தஞ்சாவூரில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் அல்லா பிச்சை. மருதையன் ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, “அவரு மந்திரியா, பாளையக்காரரா? நீங்களே சொல்லுங்க பாய்” என்றார்.

“சிங்க நாற்காலியா? பின்னால தூண் வரைஞ்ச ஸ்டூடியோ திரையா? அட, அங்கயா இருக்காரு! எங்க அத்தாவோட அத்தா, எங்க தாத்தாங்க அவரு. அண்ணன் தம்பிங்களுக்குக் குடுக்க நகல் எடுத்து, மடங்காம இருக்கட்டும்னு தடிப் புத்தகமாப் பாத்து சொருகி வெச்சேன், ரெண்டு வருஷமாத் தேடுறேன். அப்ப உங்க ரெண்டு வீட்டுக்கும் நான்தான் பங்காளி, பத்திரிகைல என் பேரைப் பெருசாப் போட்டுருங்க!”