வெயில் எத்தனை மணி நேரம்?

சரக்கொன்றை செத்துவிட்டது என்று சுடலைக்கண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. இலையைக் கொட்டிவிட்டு ஓய்வெடுக்கிறது என்று பக்கத்து வீட்டு ஃபர்ஸானாவிடம் சொன்னார். ஒன்றரை மாதமாக ஓய்வு.

தாராவியில் பெல்ட் பட்டறை வைத்திருப்பவர் அவர். செம்பூர் புதுக் கட்டடத்தில் ஐந்தாம் மாடி வீடு கிடைத்தது. லிஃப்டுக்குப் பயந்து, மனைவி மாரீஸ்வரியை ஒரு வார்த்தை கேட்காமல், அதைத் தரைத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். ஜன்னலை ஒட்டியே அடுத்த கட்டடம். துவைத்த சேலை மூன்று நாளானாலும் காயாது.

"தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள் மாரீஸ்வரி.

"என்ன தப்பு? வெயில் கொட்டுது."

பத்து நாளில் வருவதாக நெருளில் மகள் வீட்டுக்குப் போனவள், எட்டு மாதமாக வரவில்லை. அவர் காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டு, இரண்டையும் தானே குடித்தார். அவள் இல்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

ஜன்னலடியில் ஒரு பூமரம் நின்றால் வந்துவிடுவாள் என்று தோன்றியது. போனில் சொன்னார்.

"வாங்குனா காட்கோபர்ல நசீர் தம்பி நர்சரியிலயே வாங்குங்க. நம்ம ஊர்க்காரரு" என்றாள்.

நசீர் ஒரே கேள்விதான் கேட்டார். "அண்ணாச்சி, வெயில் எத்தனை மணி நேரம் விழும்?"

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும்."

நசீர் அவரை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கொடுத்ததுதான் இந்தச் சரக்கொன்றை.

அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில். குல்மோஹர் வந்தது. அது வெளிச்சம் தேடிக் குச்சியாக நீண்டு, நடைபாதைப் பக்கம் வளைந்து, கட்டடச் சொசைட்டி செக்ரட்டரி வானமாமலையின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

மூன்றாவது முறை போனபோது, ஒரு மூலையில் கரும்பச்சை இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு தொட்டியைப் பார்த்தார். வாசனை ஆளை நிறுத்தியது.

"இது என்ன மரம்?"

"காமினி. விக்கிறதுக்கில்ல அண்ணாச்சி, ஒருத்தங்க சொல்லி வச்சிருக்காங்க. வெயில் எத்தனை மணி நேரம்?"

"ஏக்தம் பக்கா வெயில், நாள் பூரா."

மந்தாரை வந்தது. அதற்காவது வெயில் கொடுக்க வேண்டும் என்று, மாரீஸ்வரியின் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடியும் படியேறி, மொட்டைமாடியில் சாய்த்துக் கட்டினார். வெளிச்சம் மந்தாரையில் விழவில்லை. மத்தியானத் தூக்கத்தில் இருந்த வானமாமலையின் முகத்தில் விழுந்தது.

"நிக்கிற மரமா ஒண்ணு வச்சுக் காட்டும்வே, விட்டுருதேன்" என்றார் வானமாமலை. "இல்லன்னா ஞாயித்துக்கெழம அந்த எடத்துல சிமெண்ட் போட்டு மூடிருவேன்."

சனிக்கிழமைக்குள் மந்தாரையும் வாடியது. சுடலைக்கண்ணன் மறுபடி நர்சரிக்குப் போனார்.

"வெயில் எத்தனை மணி நேரம் அண்ணாச்சி?"

"காலையில..." என்று ஆரம்பித்தார். கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டிமேல் உட்கார்ந்தார்.

"வெயிலே இல்ல தம்பி. ஒரு நிமிஷம்கூடக் கெடையாது. லிஃப்டுக்குப் பயந்து நான்தான் வீட்ட மாத்துனேன். அவ சொன்னதுதான் சரி. அவ இல்லாம என்னால முடியல."

நசீர் மூலைக்குப் போய், காமினித் தொட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"யாரோ சொல்லி வச்சதுன்னியே?"

நசீர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நம்ம மாரீஸ்வரி மதினிதான் அண்ணாச்சி. நீங்க மொத மரம் வாங்க வந்தீயளே, அதுக்கு முந்துன நாளே வந்து, நிழல்ல பூக்குறதா பாத்து எடுத்து வச்சாங்க. வெயில் இல்லன்னு உங்க வாயால சொல்லுத அன்னைக்கு இதக் குடுத்துட்டு தனக்கு ஒரு போன் போடணுமாம், பெட்டிய அன்னையில இருந்து கட்டியே வச்சிருக்காங்க."