வணக்கம் வரவழைக்கும் சுவிட்ச்

சிதம்பரத்தில் இருக்கும் அன்பு மச்சான் இளவரசுக்கு,

செம்மண்டலத்திலிருந்து உன் மாமா சபாபதி எழுதுவது. இங்கே நான், உன் அக்கா கொளஞ்சியம்மாள், நீ பார்த்து வாங்கிக் கொடுத்த பழைய பைக் மூவரும் நலம். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க நடராஜர் அருள வேண்டும். இதைப் போனில் சொல்லலாம்தான். சொன்னால் உன் அக்கா பக்கத்தில் நின்று மறுபடி சிரிப்பாள். அதனால் கடிதம்.

அந்த வண்டியில் இடது கைப்பிடிக்குக் கீழே, யாரோ தனியாக வாங்கி மாட்டிய சிவப்புச் சுவிட்ச் ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நீயும் சொல்லவில்லை, விற்றவனும் சொல்லவில்லை. போட்டுப் பார்த்தேன். ஹாரன் அடிக்கவில்லை, இன்ஜின் நிற்கவில்லை. சரி, சும்மா அழகுக்குத்தான் என்று அப்படியே விட்டுவிட்டுக் குறிஞ்சிப்பாடி ரோட்டில் போனேன். எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, விரல்களை விரித்து விரித்து மடக்கினார். அடுத்து ஒரு பால்காரர். அப்புறம் ஒரு மினி லாரி டிரைவர். தாலுகா ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் இருந்தபோது, சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் எனக்குப் பத்து வணக்கம் விழும். ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து ஒன்றுகூடக் கிடையாது மச்சான். பழகின ஆளே பார்த்தும் பார்க்காத மாதிரி போறான். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று உன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது முன்பின் தெரியாதவனெல்லாம் கையைத் தூக்குறான்! நானும் அதே மாதிரி விரலை விரித்து மடக்கிப் பதில் மரியாதை செய்தேன். மறுநாள் சுவிட்சை அமர்த்திவிட்டுப் போனேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டேன், மறுபடியும் கை. எப்படி வேலை செய்கிறது என்று மட்டும்தான் புரியவில்லை.

இதைக் காட்டத்தான் போன வெள்ளிக்கிழமை உன் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கை. "யாருங்க இவுங்கல்லாம்?" என்றாள். "எல்லாம் நமக்கு வேண்டியவுங்கதான்" என்றேன். அந்த நேரம் பார்த்தா ஸ்கூட்டியில் ஒரு பெண்மணி வந்து, சிரித்துக்கொண்டே விரலை விரித்து மடக்க வேண்டும்? நானும் பழக்கதோஷத்தில் அப்படியே செய்துவிட்டேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது. "வண்டிய நிறுத்துங்க! யாரு அவ? நான் எந்தம்பி வூட்டுக்கே போறேன்!"

நிறுத்திய இடம் குறிஞ்சிப்பாடியில் ஒரு மெக்கானிக் கடை வாசல். மெக்கானிக் அய்யனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, மொதல்ல ஹெட்லைட்ட அமத்துங்க. பட்டப்பகல்ல எரியுது. இப்ப வர்ற வண்டில அத அமத்தவே முடியாது, அதான் யாரோ தனியா சுவிட்ச் போட்டுருக்காங்க. ஏன், எதுத்தாப்ல வர்றவங்க யாரும் கையக் காட்டலியா?"

ஆறு மணிக்கு மேல் வண்டியைத் தொடக்கூடாது என்பது உன் அக்கா போட்ட சட்டம். நான் எங்கே லைட்டைக் கண்டேன்? வீடு வரைக்கும் அவள் என் முதுகில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். ஆபீசில் வணக்கம் போட்டவன் ஒவ்வொருத்தன் கையிலும் ஒரு மனு இருந்தது. இவர்களுக்கு என்னிடம் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. பாவம், யாரோ ஒரு பெரியவர் லைட்டை எரியவிட்டுப் போகிறாரே என்று, ஓடுகிற வண்டியில் கையை எடுத்துக் காட்டுகிறார்கள். இருந்தாலும் மானம் போனது போனதுதான். சுவிட்சை அமர்த்தி, அதன்மேல் கறுப்பு டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டேன். இனி அதைத் தொடமாட்டேன். விற்றவனைப் பார்த்தால், அடுத்த வண்டியையாவது சொல்லி விற்கச் சொல்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல பேர் எடுத்து, நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
சபாபதி

பி.கு.: தபாலாபீஸ் வாசலில் நின்று இதை எழுதுகிறேன். கிளம்பும்போது டேப்பைப் பிரித்துச் சுவிட்சைப் போட்டுவிட்டேன். இங்கே வருவதற்குள் நாலு பேர் கை காட்டினார்கள். லைட்டுக்குத்தான், எனக்குத் தெரியும். இருந்தாலும், நாலு பேர் மச்சான்.