எங்கள் வீட்டில் பாவாத்தாள் என்று யாரும் இல்லை

பீளமேடு,
22-8-1959.

சிரஞ்சீவி மைத்துனன் லட்சுமணசாமிக்கு, உன் அக்காவின் வீட்டுக்காரர் சுந்தரராஜுலு எழுதுவது. கடிதம் என்றால் நலம் என்றுதான் தொடங்க வேண்டும் என்பதால், இங்கே நாங்கள் இருவரும் நலம். சோமனூரில் நீயும் உன் வீட்டாரும் தறிகளும் குறைவில்லாமல் இருக்க வேங்கடேசப் பெருமாளைக் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. இத்தனை வருஷமாகப் ‘பாவா’ என்று எழுதி வந்தவன் இந்தத் தடவை ‘ஸ்ரீமான் சுந்தரராஜுலு நாயுடு அவர்கள் சமூகத்துக்கு’ என்று தொடங்கியிருக்கிறாய். மில்லிலிருந்து மெமோதான் வந்துவிட்டதோ என்று எழுந்து நின்றுவிட்டேன். ரிட்டையர் ஆனவனுக்கு ஏது மெமோ என்று பிறகுதான் உறைத்தது. பாவாத்தாள் என்பவள் யார், எத்தனை நாளாக இந்தத் தொடர்பு, ஜெயிலில் இருக்கிற அவள் புருஷன் வெளியே வந்தால் என் கதி என்ன, அக்காவை அழைத்துப்போகப் பெரியவர்களோடு புறப்பட்டு வரலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். இது உங்கள் ஊர் வெங்கடபதி வேலை என்று தெரியும். நூல் விஷயமாக இங்கே வந்தவன் மேஜைமேல் கிடந்த கார்டைப் பார்த்தான், காபி குடித்தான், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். கேட்காமல் போய் உன்னிடம் சொல்லியிருக்கிறான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படி, பெரியவர்களுக்கும் படித்துக்காட்டு.

சித்திரை மாதம் ஒருநாள் காலையில் நம் போஸ்ட்மேன் ஞானாபரணம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “பாவாத்தா ஆருங்க?” என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அப்படி யாரும் இல்லை என்றேன். “கதவு நெம்பரு உங்களுதுதானுங்க, தெருவும் உங்களுதுதானுங்க. பேரு மட்டுந்தான் ஒத்துவல்ல. மூணுக்கு ரெண்டு சரியா இருந்தா நாங் குடுத்துப்போடறதுங்க” என்று சொல்லிக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது ஒரு போஸ்ட் கார்டு. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற புத்தி எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் கார்டில் பிரிக்க என்ன இருக்கிறது? கண் பட்டால் படித்ததுதான். ஒரு மூலையில் வட்டமாக ஜெயில் முத்திரை. கோணல் மாணலான எழுத்தில், ‘அன்புள்ள பாவாத்தாளுக்கு, நான் சௌக்கியம், நீ வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு’ என்று எழுதி, அடியில் ஐயாசாமி என்று கையெழுத்து.

என் தோளுக்குப் பின்னாலிருந்து உன் அக்காவும் படித்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. “ஆருங்க பாவாத்தா?” என்று அவள் கேட்ட குரலில், ஞானாபரணம் கேட்டதே தேவலை என்று தோன்றிற்று. எனக்குத் தெரியாது என்றேன். “தெரியாதவளுக்கு நம்ம ஊட்டு நெம்பருல எதுக்குக் கடுதாசி வருது?” நான் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? அன்று குழம்பில் உப்பு இல்லை. மறுநாள் ரசத்தில் உப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் மில் டைம் ஆபீஸில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்கார்ந்து, நிமிஷம் தவறாமல் வீட்டுக்கு வந்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பேர். சிவப்பு மசியை எடுத்தேன். கார்டின் மேல் ‘இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்து, ஞானாபரணத்திடம் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கோடு தேவையில்லாத கோடு. கோபத்தில் இழுத்தது.

அத்தோடு போயிற்று என்று இருந்தேன். அடுத்த மாதம் இன்னொரு கார்டு வந்தது, அதே எழுத்து, அதே முத்திரை. இந்தத் தடவை எழுதியிருந்ததைப் படித்ததும் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் தாழிட்டேன். ‘கிணத்து ராட்டினத்துக்கு எண்ணெய் விடு, ஊரையே எழுப்புகிறது. துவைக்கிற கல் ஒரு பக்கம் சாய்கிறது, முட்டுக் கொடுத்து வை, காலில் விழப்போகிறது’ என்று எழுதியிருந்தான். மாப்பிள்ளை, நம் வீட்டுக் கிணற்று ராட்டினம் எப்படி அலறும் என்று உன் காதாலேயே கேட்டிருக்கிறாய். துவைக்கிற கல் சாய்ந்துதான் இருக்கிறது. ஜெயிலுக்குள் இருக்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்? இவன் ஆள் வைத்து நம் வீட்டை நோட்டம் பார்க்கிறான், பாவாத்தாள் என்பது கூட்டாளிக்கு அடையாள வார்த்தை, எண்ணெய் என்றால் எதையோ குறிக்கிறது என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கார்டை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த ஏட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, “ராட்டினத்துக்கு எண்ணெய் உடறது நல்லதுதானுங்களே” என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “பாவாத்தா ஆருங்க?” என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

வந்து பார்த்தால் கிணற்றடியில் சத்தமே இல்லை. உன் அக்கா ராட்டினத்துக்கு விளக்கெண்ணெய் விட்டிருக்கிறாள். “எவனோ ஒருத்தன் சொன்னான்னு செய்யறதா?” என்று கேட்டேன். “ரெண்டு வருசமா நாஞ் சொல்லி ஆருஞ் செய்யலீங்களே” என்றாள். இந்தக் கார்டையும் சிவப்பு மசி போட்டு அனுப்பலாம் என்று தேடினேன்; கார்டைக் காணோம். பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறாள். எதற்கு என்றேன். “வேளைக்குச் சாப்பிடுன்னு எழுதறவன் திருடனா இருப்பானுங்களா?” என்று கேட்டாள். திருடனுக்கும் வீட்டில் யாராவது வேளைக்குச் சாப்பிடவேண்டியிருக்குமே என்று ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றிற்று. அதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகும் கார்டுகள் வந்தன. அவற்றில் ஒன்றைத்தான் வெங்கடபதி பார்த்தது. கடைசியாக வந்ததுதான் எங்களை உலுக்கிவிட்டது. ‘வருகிற வெள்ளிக்கிழமை என்னை விட்டுவிடுகிறார்கள். நீ வராதே, நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.’ நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்! எந்த வீட்டுக்கு? கதவு நெம்பர் நம்முடையதல்லவா? வந்து, என் பாவாத்தாள் எங்கே என்று கேட்டால் நான் யாரைக் காட்டுவது? இல்லை என்றால் நம்புவானா? என்ன குற்றம் செய்து உள்ளே போனவனோ, கொலையோ என்னவோ. மூன்று நாள் யோசித்து, அவன் வீடு தேடி வருவதற்குமுன் ஜெயில் வாசலிலேயே போய் நின்று, ‘ஐயா, விலாசம் தப்பு’ என்று சொல்லிவிடுவதுதான் உசிதம் என்று தீர்மானித்தேன். உன் அக்கா நானும் வருவேன் என்றாள். பாவாத்தாளை அங்கே கண்ணால் பார்த்துவிடலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நேரமாகும் என்று புளிச்சோறும் கட்டிக்கொண்டாள். நான் கோட்டுப் போட்டுக்கொண்டேன். டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரத்தில் இறங்கி நடந்தோம்.

ஜெயில் வாசலில் காவலுக்கு நின்ற வார்டர், யாருக்காக வந்தீர்கள் என்று கேட்டார். ஐயாசாமி என்று சொன்னேன். எங்கிருந்து என்றார். கதவு நெம்பரையும் தெருவையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அடடே, ஐயாசாமி ஊட்டு ஆளுங்களா!” என்று உள்ளே குரல் கொடுத்தார். இன்னும் சில குடும்பங்கள் அங்கே காத்து நின்றன. கதவு திறந்து ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவனைக் கட்டிக்கொண்டு அவன் தாயார் அழுதாள். கடைசியில் ஒல்லியாக, நாற்பது வயது இருக்கும், கக்கத்தில் ஒரு துணி மூட்டையோடு ஒரு ஆள் வந்தான். அவன் யாரையும் தேடவில்லை. தலையைக் குனிந்தபடி எங்களைக் கடந்து ரோட்டைப் பார்த்து நடந்தான். வார்டர், “ஏப்பா ஐயாசாமி, எங்க போறே? உங்க ஊட்டுல இருந்து வந்து நிக்கறாங்க பாரு!” என்று கத்தினார்.

லட்சுமணசாமி, நான் அவனைக் கண்டு நடுங்கிக்கொண்டு போனவன். அவன் எங்களைக் கண்டு நடுங்கியதைப் பார்த்தேன். மூட்டை கீழே விழுந்துவிட்டது. “எந்த... எந்த ஊடுங்க?” என்றான். வார்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மற்ற குடும்பங்களும் பார்க்கின்றன. நான் விலாசம் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வார்த்தை. அதற்குள் உன் அக்கா என்னைத் தாண்டி முன்னால் போய், வார்டருக்கும் கேட்கும்படி, “என்ன ஐயாசாமி இப்படி முழிக்கறே? பாவாத்தாளுக்கு ஒடம்பு சரியில்ல. அதானுங் கண்ணு நாங்க வந்தோம். வா, போலாம்” என்று சொல்லிக் குனிந்து அவன் மூட்டையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் மூன்று மாதம் என்னைக் குடைந்தெடுத்தவள் அவள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் என்ன விளங்கிற்று, எப்படி விளங்கிற்று என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். “மூஞ்சியப் பாத்தாத் தெரியாதுங்களா?” என்கிறாள். நானும்தான் அந்த மூஞ்சியைப் பார்த்தேன்.

கொஞ்சதூரம் போய் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அவன் உட்காரமாட்டேன் என்று நின்றான். உன் அக்கா அதட்டிய பிறகுதான் உட்கார்ந்தான். சைக்கிள் ட்யூபில் சாராயம் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான் குற்றம். கிணறு வெட்டுகிற கூட்டத்தில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முந்தி நம் கிணற்றைத் தூர் வாரி ஆழப்படுத்தினோமே, அந்த ஆட்களில் இவனும் ஒருவனாம். நான் பகலெல்லாம் மில்லில் இருந்தேன். பார்த்த ஞாபகம் இல்லை.

“பாவாத்தா ஆருப்பா?” என்று உன் அக்காவே கேட்டாள்.

“ஆருமில்லீங்க” என்றான். “எனக்கு அப்பன் ஆத்தா இல்லீங்க, பொண்டாட்டி புள்ளையும் இல்லீங்க. உள்ளார மாசமானா ஊட்டுக்கு எழுதறதுக்குக் கார்டு குடுப்பாங்க. எல்லாரும் குனிஞ்சு எழுதீட்டு இருக்கறப்போ நா மட்டும் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமுங்க. ஒருநா எனக்கும் ஒண்ணு குடுங்கன்னு கேட்டுப்போட்டனுங்க. ஆரு பேருக்குன்னாங்க. வாயில வந்த பேரச் சொன்னனுங்க. வெலாசம்னாங்க. எனக்குத் தெரிஞ்ச கதவு நெம்பரு உங்க ஊடு ஒண்ணுதானுங்க. உங்க கேட்டுக்கு எதுத்தாப்புல உக்காந்துதான் நாங்க மத்தியானச் சோறு திங்கறது.”

முதல் கார்டு என்னுடைய சிவப்பு எழுத்தோடு திரும்பிப் போனபோது என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அவன் சிரித்தான்.

“எல்லாரு முன்னாலயும் படிச்சுக் குடுத்தாங்க. என்னடா இதுன்னாங்க. அவளுக்கு எம்மேல கோவமுங்க, அதான் அப்பிடி எழுதச் சொல்லியிருக்கறான்னு சொல்லிப்போட்டனுங்க. ஒருத்தருஞ் சிரிக்கலீங்க. அங்க பாதிப் பேருக்கு ஊட்டுல கோவந்தானுங்களே. அப்பறம் போட்ட கார்டு திரும்பி வரலீங்க. கோவந் தணிஞ்சுபோச்சுடா ஐயாசாமின்னு எல்லாரும் வந்து சொன்னாங்க. அன்னிக்கு நல்லாத் தூங்குனனுங்க.”

‘வீட்டுக்கு வந்துவிடுகிறேன்’ என்று எழுதியதும் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து எழுதியதாம். வருகிற எண்ணமே இல்லையாம். “உங்களப் பயப்படுத்திப்போட்டனுங்களா?” என்று என்னைக் கேட்டான். அதெல்லாம் ஒன்றும் இல்லை, இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தோம் என்றேன். கோட்டுப் போட்டுக்கொண்டா என்று அவன் கேட்கவில்லை. புளிச்சோறு முழுவதையும் அவன் சாப்பிட்டான். நாங்கள் பசியோடு உட்கார்ந்திருந்தோம். தாராபுரம் பக்கம் கிணற்று வேலை இருக்கிறது என்றான். பஸ் ஏற்றிவிட்டோம். பஸ் நகரும்போது, “கல்லுக்கு முட்டுக் குடுத்துட்டீங்களா?” என்று கேட்டான். இல்லை என்றேன். அன்று சாயங்காலமே கொடுத்தேன்.

இதுதான் நடந்தது. இந்த மாதம் கார்டு வரவில்லை. ஞானாபரணம் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போது உன் அக்கா எதற்கோ வாசலுக்கு வருகிறாள். நானும் வேலையில்லாமல் அங்கேதான் நிற்கிறேன். நான் சிவப்பு மசியில் எழுதியது பொய்யில்லை. இருந்தாலும் உண்மையை அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஆகையால் நீயும் பெரியவர்களும் திட்டமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: பாவாத்தாள் என்று ஒருத்தி இந்த வீட்டில் இல்லை, இருந்ததில்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. இதை வெங்கடபதியிடமும் சொல்லு. அவன் மற்றவர்களுக்குத் தானாகவே சொல்லிவிடுவான். உன் தறிகள் ஓயாமல் ஓடவும், உன் பிள்ளைகள் உன்னைவிடப் பொறுமைசாலிகளாக வளரவும் என் ஆசீர்வாதம்.

உன் பாவா (என்றே இன்னும் நினைத்திருக்கும்),
சுந்தரராஜுலு.

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் தபாலில் போடச் செருப்பை மாட்டும்போது ஞானாபரணம் வந்துவிட்டார். தாராபுரத்திலிருந்து கார்டு. ஜெயில் முத்திரை இல்லை. ‘பாவாத்தாளுக்கு, வேலை கிடைத்தது. இன்னும் தண்ணீர் காணவில்லை. இங்கேயும் எல்லோருக்கும் வீட்டிலிருந்து கடுதாசி வருகிறது’ என்று மட்டும் எழுதியிருக்கிறான். நான் படித்து முடிக்குமுன் உன் அக்கா என் கோட்டுப் பையிலிருந்து பேனாவையும் மேஜையிலிருந்து புதுக் கார்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன். ‘ஐயாசாமிக்குப் பாவாத்தாள் எழுதுவது. எனக்கு உடம்பு இப்போது தேவலை’ என்று தொடங்கியிருக்கிறாள். அனுப்புநர் விலாசத்துக்கு நம் கதவு நெம்பரைத்தான் போட்டிருக்கிறாள். இதற்காக உறையைப் பிரித்து எழுதுகிறேன். பெரியவர்களிடம் நீ என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பாவாத்தாள் இருக்கிறாள்.