பூகோளம் போட்ட புயல் பந்தி

புயல் எச்சரிக்கை வந்த பிறகும் மகளின் நிச்சயதார்த்தத்தை மொட்டை மாடியில் வைத்த அறிவாளி, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். மண்டபம் கிடைக்காமல் இல்லை. "மண்டபத்துக்குள்ள காத்து எங்க சார் தெரியும்?" என்று, ஊரே பூகோளம் என்று கூப்பிடும் என் நண்பர் கேட்டார். நியாயமாகப் பட்டது.

பூமி சுற்றுவதை உடம்பாலேயே உணர்ந்த மனிதர் உலகில் ஒருவர் உண்டென்றால், அவர் பூகோளம்தான். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். வருகிறவர்களுக்கு முதலில் பருவக்காற்று, பிறகுதான் சாவி.

"பூமி கிழக்கால சுத்துது சார். அதனால நம்ம பாதி உலகத்துல காத்தெல்லாம் தன் வலப்பக்கமா ஒதுங்கும். வடக்கேயிருந்து நேரா கிளம்புற காத்து, நமக்கு வடகிழக்குக் காத்தா வர்றது இன்னாத்துக்கு? அதுக்குத்தான்!"

ஒருநாள் நடுரோட்டில் காற்றுக்கு முதுகைக் காட்டி, இடது கையை நீட்டி, "புயல் இந்தப் பக்கம் இருக்கு" என்று நின்றார். போக்குவரத்துக் காவலர் என்று நினைத்து, செங்கம் பஸ் ஒன்று அவர் கை காட்டிய சந்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது.

நிச்சயதார்த்தம் அவர் மாடியில்தான். மேலே தகரக் கூரை, நடுவில் மாடிப்படி அறை, நான்கு பக்கமும் திறப்பு.

"புயல் கிழக்கால இருக்கு சார். அது இடஞ்சுழியா சுத்துறதால காத்து வடக்கேயிருந்துதான் அடிக்கும். பந்திய அறைக்குத் தெக்கால போடுங்க. ஒரு சொட்டு விழுந்தா என்னைக் கேளுங்க!"

மாப்பிள்ளை வீட்டார் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்கள். சம்பந்தியம்மாள் மாடியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் தட்டு மாற்ற நல்ல நேரம். அதற்குள் அவர் எழுந்து போய்விட்டால் என் மகள் என்னை மன்னிக்க மாட்டாள்.

காற்று வடக்கிலிருந்தே அடித்தது. இலையில் ஒரு சொட்டு விழவில்லை. நான் ஏதோ நானே பூமியைச் சுற்றிவிட்டதுபோல நெஞ்சை நிமிர்த்தினேன்.

பாயசம் வந்தபோது புயல் எங்களுக்கு வடக்கே நகர்ந்துவிட்டது. காற்று மேற்கிலிருந்து வீச, சாரல் சாம்பாரில் விழுந்தது.

"காத்து திரும்பிடுச்சு! இலையோட அறைக்குக் கிழக்கால வாங்க!" என்று கத்தினார் பூகோளம்.

அறையை இடக்கைப் பக்கம் விட்டு நடந்தால் நாலே எட்டு. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையை வலம் வந்து பழகிய கால்கள் கேட்குமா? சம்பந்தியம்மாளின் மச்சாண்டார், அதாவது மாப்பிள்ளையின் பெரியப்பா, இலையைத் தாம்பாளம்போல ஏந்தி, வலமாகப் புறப்பட்டார். மொத்தப் பந்தியும் பின்னால். நேரே சாரலின் வாய்க்குள்!

"அப்படி இல்லீங்க, இப்படி வாங்க!" என்று பூகோளம் எதிர்ப்பக்கம் கை காட்டினார்.

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நல்ல காரியத்துல இடமா சுத்தச் சொல்றியே, இன்னாய்யா ஆளு நீ?"

அப்பளங்கள் பறந்தன. மேற்கு, வடக்கு எல்லாம் சுற்றி நனைந்த கோழிகளாகக் கிழக்குப் பக்கம் சேர்ந்தபோது, பூகோளம் அங்கே புது இலை போட்டு, விடுதித் துண்டுகளை அள்ளி வந்து ஆளுக்கொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். என் மகளிடம், "காத்து திரும்பும்னு யோசிக்காம விட்டுட்டேம்மா, மன்னிச்சுக்கோ" என்றார். அந்த நிமிடம் அவருக்காக இன்னும் ஒரு சுற்று நனையலாம் என்றிருந்தது.

தட்டு மாற்றினோம். தலையைத் துவட்டிக்கொண்டே சம்பந்தியம்மாள் சொன்னார்:

"பாவங்க அவரு. காத்து எப்படி சுத்தும்னு அவ்ளோ தெரிஞ்சு வெச்சிருக்காரு. எங்க மச்சாண்டாரு எப்படி சுத்துவாருன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."