லிடியாவின் இடம்

பறவை கண்ணெதிரே போனது. ஆல்வின் குபேனா விசையை அழுத்தினார். துப்பாக்கி பேசவில்லை.

"சேஃப்டி பூட்டை எடுக்கணும், ஆல்வின்!" என்று அடுத்த வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். சூரியகாந்தி வயல் முழுக்கச் சிரிப்பு பரவியது.

செப்டம்பர் முதல் தேதி. டெக்சாஸில் புறா வேட்டை தொடங்கும் நாள். ஆல்வினுக்கு அறுபத்தெட்டு வயது. துப்பாக்கி, இறந்துபோன மனைவி லிடியாவுடையது. வேலியோரம், வேலமர நிழலில் அவர் உட்கார்ந்திருந்த இடமும் அவளுடையதே. முப்பது வருடம் அங்கே உட்கார்ந்து, சாயங்காலம் பை நிறையப் புறாவோடு வீடு திரும்புவாள். ஆல்வின் சமைப்பார். வேட்டைக்கு மட்டும் வந்ததில்லை.

வயல்காரர் ரேமண்ட் செபெஸ்டாவின் சட்டம் ஒன்றுதான்: முதல் நாள் மதியத்துக்குள் ஒரு புறாவாவது விழவேண்டும். விழாவிட்டால் அந்த வருடம் இடம் கைமாறும். ஹூஸ்டனிலிருந்து வந்த அவருடைய மருமகன் காலையிலிருந்தே அந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அவளுடைய நாற்காலி காலி. மாதா கோவில் இருக்கையிலும் இப்போது வேறு யாரோ. இந்த இடத்தையும் விட்டுக்கொடுக்க ஆல்வினுக்கு மனம் வரவில்லை.

அவர் சேஃப்டி பூட்டை எடுத்தார். காத்திருந்தார். இருபதடி தூரத்தில் ஒரு புறா சிறகடித்தபடி, பறந்து போகாமல், அவருக்காகவே நின்றது.

டமார்!

விழுந்தது. ஆல்வின் ஓடிப் போய் எடுத்தார். பேட்டரியில் சிறகு சுழலும் பொம்மை. புறாக்களை ஏமாற்ற ரேமண்ட் புதிதாக வாங்கி நட்டது.

திரும்பி வந்து, தாம் உட்கார்ந்திருந்த வாளியைக் கவிழ்த்து, பொம்மையை மூடி, மேலே ஏறி உட்கார்ந்தார். உள்ளே சிறகு இன்னும் சுழன்றது. கடகடகட.

"என்னய்யா சத்தம்?" என்றார் பக்கத்து வரிசைக்காரர்.

"வயிறு. காலையில சாப்பிடல."

சத்தம் கேட்டு ரேமண்டின் நாய் ஓடி வந்து வாளியை முட்டியது. ஆல்வின் உருண்டார். நாய் பொம்மையைக் கவ்விக்கொண்டுபோய், வால் ஆட்டியபடி எஜமானின் காலடியில் வைத்தது.

ரேமண்ட் பொம்மையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பொம்மையோடு மெதுவாக ஆல்வினிடம் நடந்து வந்தார்.

"பன்னெண்டாகப் போகுது. எத்தனை?"

"இதுதான், ரேமண்ட். இது ஒண்ணுதான்."

ரேமண்ட் திரும்பி, தன் வண்டியை நோக்கி விறுவிறுவென்று போனார். மருமகன் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு தயாராக எழுந்தான்.

ஆல்வின் துப்பாக்கியிலிருந்த தோட்டாவை எடுத்தார். வேலமரத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "மன்னிச்சிடு, லிடியா."

காபி கொண்டுவந்த ரேமண்டின் மனைவி பெர்னீஸ் ஆல்வினின் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"எங்க எழுந்திரிக்கிறீங்க? அவர் வண்டியிலேர்ந்து ஒரு புறா எடுத்துவந்து உங்க வாளியில போடத்தான் போறார். லிடியா பையையும் முப்பது வருஷமா அப்படித்தான் நிரப்பினோம். அவ ஒண்ணைக்கூடச் சுட்டதில்ல."