வீட்டில் கேட்டுவிட்டு வருகிறவர்

கடைகளில் மட்டுமே காணக் கிடைக்கிற, ஆனால் கடையில் எதையும் வாங்காத ஓர் இனம் உண்டு. 'வீட்டில் கேட்டுவிட்டு வருகிறவர்' என்று அதற்குப் பெயர். பெயரை நான் வைக்கவில்லை. அவரே ஒவ்வொரு கடை வாசலிலும் தன் வாயால் சொல்லிவிட்டுப் போவதுதான். ஆளைக் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். உள்ளே நுழையும்போது இன்றைக்கு வாங்காமல் திரும்புவதில்லை என்ற முகம் இருக்கும். வெளியே வரும்போது கை காலியாக இருக்கும், செல்போன் நிறைந்திருக்கும். அவரைத் திருடர் என்று சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு குண்டூசியைக்கூட எடுத்துப் போகமாட்டார். கடையில் வேலை பார்ப்பவரின் அரை மணி நேரத்தை மட்டும்தான் எடுத்துப் போவார்.

இந்த இனத்தில் ஒருவரை எனக்கு நன்றாகவே தெரியும். எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதீர்கள். குடிநீர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எங்கள் தெருவுக்குச் சங்கம் என்று ஒன்று இருப்பதால் அதற்குத் தலைவர். சிறு கடைகள் அழிந்துவருவதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குக் கண் கலங்கும், முக்கால் மணி நேரம் கழித்து வேறு காரணத்துக்காகவும் கலங்கும்.

தெருமுனையில் ஒரு செருப்புக் கடை. பெரிய கம்பெனி ஒன்றின் கிளை. அங்கே இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு பெண்மணிதான் கால் அளக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் அளவுக்காரம்மா. கண்காணிப்பாளர் உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்ததும், அளவுக்காரம்மா தரையில் ஒரு முட்டியை ஊன்றி, மரத்தால் ஆன அளவுக் கட்டையை அவர் பாதத்துக்கு அடியில் வைப்பார்.

"சார், இடது கால் உங்களுக்கு அரை அளவு பெருசு. எந்த ஜோடி எடுத்தாலும் இடதைப் போட்டுப் பார்த்துத்தான் எடுக்கணும். ஞாபகம் இருக்குல்ல?"

"உங்களுக்கு ஞாபகம் இருக்கேம்மா, அது போதாதா எனக்கு?"

அதன்பின் சடங்கு தொடங்கும். கறுப்பு வரும், பழுப்பு வரும், நாடா வைத்தது வரும், வைக்காதது வரும், மேல் தட்டிலிருந்து ஏணி போட்டு இறக்கியது வரும், கிடங்கில் அடியிலிருந்து உருவியதும் வரும். அவர் ஒவ்வொன்றையும் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கும் வாசலுக்கும் இடையே பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நடந்து காட்டுவார். இது விரலைக் கடிக்கிறது, அது குதிகாலில் ஆடுகிறது, இன்னொன்று மழைக்குத் தாங்குமா, தோல் நிஜத் தோலா என்று பொறுமையாகக் கேட்டு, பொறுமையாகப் பதில் வாங்கி, பதினோராவது ஜோடியில் முகம் மலர்வார். மலர்ந்த கையோடு அவருக்கு ஒரு அவசரமான போன் வரும். போன் அடிக்காது, ஆனால் வரும். காதில் வைப்பதற்கு முன் அது ஷூவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு நேராக ஒரு கணம் நிற்கும்.

"அருமையான ஜோடிம்மா. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

வீட்டில் என்ன கேட்டார்? ஒன்றும் கேட்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து அந்த எண்ணை ஆன்லைனில் தட்டினார். மறுநாள் மாலை பெட்டி வந்தது. அவர் மனைவிக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஆனால் கடைத்தெருவில் அந்த அம்மாளுக்கு இருக்கும் மரியாதை வேறு யாருக்கும் இல்லை. இரண்டு மின்விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, நான்கு மெத்தை, எண்ணற்ற ஷூக்கள் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தபடியே வேண்டாம் என்று தள்ளிய பெண்மணி அல்லவா! அவர் ஒரு குடை வாங்கப் போனால்கூடக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். பாவம், அது ஏன் என்று அவருக்கு விளங்கியதே இல்லை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அவர் தட்டிய ஆன்லைன் கடையும் அதே கம்பெனியுடையதுதான். தன் கடையில் ஒரு விலை, தன் ஆன்லைனில் அதைவிடக் குறைந்த விலை என்று வைத்தது கம்பெனியின் புத்திசாலித்தனம். அளவுக்காரம்மா முட்டி தேய அளந்த கால் அவர் கிளையின் கணக்கில் ஏறாது. பொத்தானை அழுத்திய விரல்தான் ஏறும்.

விளைவு தெரிந்ததுதானே? ஒரு திங்கட்கிழமை கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. விற்பனை இல்லாததால் ஒரு மாதத்தில் கிளை மூடப்படும். அளவுக்காரம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் வேலை ஓடினால் ஓய்வூதியம். ஓடாவிட்டால் இல்லை. தனியாக இருப்பவர், அவருக்கென்று சம்பாதித்துப் போட வேறு யாரும் கிடையாது.

கண்காணிப்பாளர் கொதித்துப் போனார். பொய்க் கொதிப்பு என்று நினைக்காதீர்கள், சத்தியமாக நிஜம். அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளே சங்கத்தைக் கூட்டி, "நம்ம தெருவோட உழைப்பாளி ஒருத்தங்களை நடுரோட்டுல விடலாமா?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது. பெட்டியில் வந்த புது ஷூவை மாட்டிக்கொண்டுதான் மேடையேறியிருந்தார். ஒரே வாரத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. பதினான்காவது கையெழுத்து என்னுடையது. நல்ல பேனாவால் போட்டேன்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. அதை எழுதிய மேலாளர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். "தங்கள் தெருவின் அன்பு எங்களை நெகிழச் செய்கிறது. கிளைக்கு வாடிக்கையாளர்களே இல்லை என்பது எங்கள் கணக்கு. அது தவறென்றால், கையெழுத்திட்டவர்களிடமிருந்து கடந்த ஓராண்டின் பில்களில் ஒரு நூறை மட்டும் பதினைந்து நாளுக்குள் அனுப்பவும். மூன்று ஆண்டுக்குக் கடையை நடத்த உத்தரவாதம் தருகிறோம்."

"நூறுதானா?" என்று தொடை தட்டினார் கண்காணிப்பாளர். "ஆளுக்கொரு பில் குடுத்தா முந்நூறு ஆச்சே!"

மறுநாள் காலை ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். முதலில் பல் டாக்டர் வீடு. டாக்டர் மேஜையின் எல்லா இழுப்பறைகளையும் இழுத்துப் பார்த்தார். உள்ளே பில் இல்லை என்பது இழுப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும் என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"பில்லெல்லாம் நான் வச்சுக்கறது இல்லீங்களே. அடிக்கடி போவேன், அது அந்தம்மாவுக்கே தெரியும். போன வாரம்கூட எட்டு ஜோடி போட்டுப் பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"பார்த்துட்டு..." டாக்டர் தொண்டையைச் செருமினார். "வீட்டுல கேட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

இருவரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே நிறம், ஒரே மாதிரி. அதற்குமேல் அந்த வீட்டில் பேச்சு வளரவில்லை.

வக்கீல் வீட்டில் பில்லைக் கரையான் அரித்துவிட்டதாம். மாடி வீட்டுத் தம்பதி, கணவர் மனைவியையும் மனைவி கணவரையும் காட்டினார்கள். என் வீட்டுக்கு வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவர் போகும்வரை குளித்துக்கொண்டேதான் இருந்தேன். பத்து நாள் அலைந்ததில் தேறியவை பதினொன்று. அதில் ஷூ நாடாவுக்கு ஐந்து, பாலிஷுக்கு மூன்று. மிச்சம் மூன்றுதான் முழு ஜோடிக்கான பில்கள். அந்த மூன்றையும் ஒரே ஆள்தான் கொடுத்தார். தெரு பெருக்கும் அம்மா. பள்ளிக்கூடம் திறந்தபோது தன் மூன்று பிள்ளைகளுக்கும் வாங்கியதாம். பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்தார்.

"கையெழுத்து வாங்கினப்போ என்னை யாரும் கேக்கலீங்க. பில்லு கேக்கறீங்கன்னு சொன்னாங்க, அதான் கொண்டாந்தேன்" என்றார். அவரை ஏன் கேட்கவில்லை? தெருவாசிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தினமும் விடியும்போது இந்தத் தெருவில் இருப்பவர் அவர் ஒருவர்தான், ஆனால் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே.

கண்காணிப்பாளருக்கு அப்போதுதான் தன் பில் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி, அலமாரியைக் குடைந்தார்.

"என்ன தேடறீங்க?" என்றார் மனைவி.

"செருப்புக் கடை பில்லு. நாம கடைசியா அங்க எப்போ வாங்கினோம்?"

"நம்ம பையன் நடக்க ஆரம்பிச்சப்போ. அவனுக்கு இப்போ மீசை முளைச்சாச்சு."

கெடுவின் கடைசி நாள் கண்காணிப்பாளர் கடைக்குப் போனார். அளவுக்காரம்மா தட்டுகளிலிருந்து பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் அளவுக் கட்டையை எடுத்துவிட்டு, பிறகு திரும்ப வைத்தார்.

"பதினொண்ணுதான்மா கெடைச்சுது" என்றார் கண்காணிப்பாளர், தரையைப் பார்த்து.

"கேள்விப்பட்டேன் சார். கடைக்கு ஆளே வரலைன்னா எழுதியிருக்காங்க? ஒரு நாளைக்கு நாப்பது கால் அளந்திருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பெட்டியின் மூடியை அழுத்தி மூடிவிட்டுக் கேட்டார்: "அந்தப் பழுப்பு ஜோடி வீட்டுக்கு வந்துச்சே, இடது கால் கடிக்காம இருக்கா?"

கண்காணிப்பாளர் தன் காலை நாற்காலிக்கு அடியில் மறைக்கப் பார்த்தார். எங்கே மறைப்பது? கடை முழுக்கக் கண்ணாடி.

"தெரிஞ்சுமா அளந்து குடுத்தீங்க?"

"எங்க வாங்கினாலும் நீங்கதானே நடக்கணும்?"

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டபின் மனிதர் நிற்க முடியுமா? அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஒரு ஜோடி குடுங்கம்மா. எதுவா இருந்தாலும் சரி, பில்லு போடுங்க" என்றார். பில் போடும் இயந்திரத்தைக் கம்பெனி ஆட்கள் காலையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாக இருந்தது. வெறுங்கையோடு எப்படிக் கிளம்புவது என்று தவித்தவருக்குச் சட்டென்று ஒரு வழி தோன்றியது.

"எங்க ஆபீஸ்ல தற்காலிகமா ஒரு ஆள் எடுக்கறாங்க. வர்றவங்களுக்குத் தண்ணி, டீ குடுக்கற வேலை. நான் சொன்னா எடுத்துக்குவாங்க. வர்றீங்களாம்மா?"

அளவுக்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது. கேலியா, களைப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

"நல்ல வேலைதான் சார். வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

அவர் வீட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கண்காணிப்பாளருக்கும் தெரியும்.

கடை மூடி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் தெருவில் இப்போது யாருக்கும் ஷூ சரியாக அமைவதில்லை. பெட்டி வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. பல் டாக்டர் விந்தி விந்தி நடக்கிறார். கண்காணிப்பாளர் இடது காலுக்குப் பார்த்து வாங்கிவிட்டு, வலது ஷூவுக்குள் அட்டையை வைத்தும் எடுத்தும் பார்க்கிறார். அரை அளவு கூடுதல் என்பது என் இடது காலுக்கும் உண்டு என்று தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் ஏற்கெனவே பலமுறை சொல்லியிருக்கிறார், நான்தான் கவனிக்கவில்லை.

நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? புத்தகக் கடையில் நின்றுகொண்டுதானே இதைப் படிக்கிறீர்கள்? விசிறிக்கு அடியில் நல்ல இடமாகப் பார்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை முடித்தாகிவிட்டது. அடுத்து அட்டையை ஒரு படம் எடுப்பீர்கள். பிறகு கல்லாவில் இருப்பவரைப் பார்த்து அன்பாக ஒரு வாக்கியம் சொல்வீர்கள். அது என்ன வாக்கியம் என்று எனக்குத் தெரியும். கல்லாவில் இருப்பவருக்கும் தெரியும்.