பியர் கிளாஸை நான் முட்டாத காரணம்

கெச்கெமேட் அருகே, ஹங்கேரி,
ஆப்ரிகாட் பழுத்து விழும் வாரம், திங்கட்கிழமை

பாசத்துக்குரிய கிஸெல்லா அக்காவுக்கும் மதிப்புக்குரிய அத்தானுக்கும் தம்பி வெந்தெல் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், பிரோஷ்கா, எனிகோ மூவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். உன் முழங்கால் வலியும் அத்தானின் கண் ஆபரேஷனும் ஆண்டவர் கிருபையால் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவிலேயே சிரித்துவிடுவாய். இது சிரிக்கிற விஷயம் இல்லை அக்கா. என் மகள் எனிகோவின் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. அதற்குக் காரணம் நான்தானாம். நான் என்ன செய்தேன் என்று வீட்டில் ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். எனக்கோ தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. செக் நாட்டில் வாழ்க்கைப்பட்டு முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவள் நீ. மாப்பிள்ளை வீட்டாரும் செக்காரர்கள்தான், அவர்களுடைய மனசு உனக்குத்தான் தெரியும். பொறுமையாகக் கடைசிவரை படி.

மாப்பிள்ளைப் பையன் ராடெக்கின் அப்பா லுபோமிரும் அம்மா ஸ்தென்காவும் கல்யாணத் தேதி பேச இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்கள். விசோவிட்சே மலைப்பக்கத்திலிருந்து காரில் விடியற்காலையே கிளம்பி மதியம் வந்து சேர்ந்தார்கள். திங்கட்கிழமை வரை தங்குவதாகப் பேச்சு. நான் வாசல் கேட்டிலேயே தட்டோடு நின்றேன். விருந்தாளியின் கால் உள்ளே வருவதற்குள் கையில் பாலிங்கா இருக்க வேண்டும், இல்லையா? நம் தோட்டத்து ஆப்ரிகாட்டில் போன வருஷம் நான் வடித்த சாராயம். லுபோமிர் தச்சு வேலைக்காரர், கதவு நிலை மாதிரி ஆள், நல்ல மீசை. அவருக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. மொழிபெயர்க்க இருந்தவர்கள் ராடெக்கும் எனிகோவும்தான். இவனிடம் அவள் கற்றது, அவளிடம் இவன் கற்றது என்று எட்டு மாதப் பழக்கம். காதலிக்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சங்கதிக்கு மட்டும்தான் இரண்டு பேரிடமும் வார்த்தை இருந்தது. கூரை, வாடகை, கல்யாணச் சாப்பாடு என்று எதைக் கேட்டாலும் முகம் சிவந்து நின்றார்கள்.

லுபோமிர் வழியெல்லாம் நம் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை பழகிக்கொண்டு வந்திருக்கிறார். குடிக்கும் முன் ‘உன் ஆரோக்கியத்துக்கு’ என்று சொல்வோமே, ‘எகேஷ்ஷேகெத்ரே’, அதைத்தான். பாவம், அதை நடுவில் இரண்டாக உடைத்துவிட்டார். கிளாஸை உயர்த்தி, என் வீட்டுக்காரி பிரோஷ்காவைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில் ‘எகேஸ் ஷெக்கெத்ரே’ என்றார். அதாவது, ‘உன் முழுப் பின்பக்கத்துக்கும்’. பிரோஷ்கா திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு “முழுசுக்குமா?” என்று என்னைக் கேட்டாள். வந்ததும் வராததுமாகத் திருத்தினால் மனுஷர் சங்கடப்படுவாரே என்று நானும் அதையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பா? தன் உச்சரிப்பில் அவருக்கு அப்படி ஒரு தைரியம் வந்துவிட்டது. அடுத்த நாள் தேதி குறிக்க வந்த பங்குச் சாமியாருக்கும் அதே வாழ்த்தைக் கை குவித்துச் சொன்னார். சாமியார் மேலே பார்த்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

என் பாலிங்காவை மூக்குக்குக்கூடக் கொண்டுபோகாமல் ஒரே மடக்கில் விழுங்கினார் அக்கா. இரண்டு வாரம் பழத்தைப் புளிக்க வைத்து, மூன்று நாள் தூங்காமல் வடித்த சரக்கு அது. அவர் கார் டிக்கியைத் திறந்து தன்னுடைய பிளம் சாராயத்தை எடுத்தார். பாட்டிலைக் குலுக்கிக் காட்டினார். கழுத்தைச் சுற்றி முத்து முத்தாகக் குமிழி நின்றது; முத்து உடையாமல் நின்றால் சரக்கு வீரியம் என்று கணக்கு. நானும் என் பாட்டிலைக் குலுக்கினேன். என் முத்துக்கள் சீக்கிரம் உடைந்துவிட்டன. “எங்களது வாசனைக்காக, முத்து எண்ணுவதற்காக இல்லை” என்று மரியாதையாகத்தான் சொன்னேன். ராடெக் அதை என்னவென்று சொன்னானோ, லுபோமிர் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். இன்று வரை எனக்கு அது விளங்கவில்லை.

சாப்பாட்டு வேளையில் சோடா கலந்த ஒயின். நம் ஊரில் கலக்கிற அளவுக்குத் தகுந்தபடி பேர் இருக்கிறதல்லவா? ஒயின் கம்மி என்றால் ‘நீளக் காலடி’, ஒயின் தூக்கல் என்றால் ‘வீட்டுக் காவலாளி’. லுபோமிரிடம் எது வேண்டும் என்று கேட்டேன். ராடெக் வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்துவிட்டான். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு, தன் நடையில் குறை ஒன்றும் இல்லை என்றும், தங்கள் ஊரில் வீட்டைத் தாங்களே பூட்டிக்கொள்வதாகவும், காவலாளி வைக்கிற அளவுக்கு வசதி இல்லை என்றும் மகன் மூலமாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டு வசதியை நான் கிண்டிப் பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. ஸ்தென்கா மட்டும் தைரியமாக ‘நீளக் காலடி’ கேட்டு வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, இதை நாங்கள் ‘தெளிப்பு’ என்போம் என்று சிரித்தார். அந்த அம்மாள் நல்ல மனுஷி.

இதுவரைக்கும் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். சனிக்கிழமை மத்தியானம்தான் விவகாரம். அவர்கள் கொண்டுவந்த இருபது பாட்டில் பியர் ராத்திரி முழுக்க நம் கிணற்றில் குளிர்ந்து கிடந்தது. ஆப்ரிகாட் மரத்தடியில் மேஜை போட்டோம். லுபோமிர் யாரையும் தொடவிடாமல் கிளாஸ்களைத் தானே கழுவி, தானே ஊற்றினார். ஊற்றியதில் மூன்று விரற்கடை வெறும் நுரை. பாதி நுரையாக இருக்கிறதே, கை தவறி ஊற்றிவிட்டார் என்று நினைத்து, அவரைச் சங்கடப்படுத்தாமல் ஸ்பூனால் என் நுரையை வழித்துப் புல்லில் போட்டேன். அவர் ஸ்பூனையே பார்த்தார். பிறகு அவர் கிளாஸ் பாதி காலியானது. விருந்தாளியின் கிளாஸ் காலியாக இருக்கலாமா? புது பாட்டிலைத் திறந்து பழசின் மேலேயே ஊற்றி நிரப்பினேன். அவர் அதைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். ஸ்தென்கா, செத்த வீட்டில் தடவுவதுபோல, அவர் முதுகைத் தடவினார். பியர் ஊற்றிக் கொடுத்ததற்கு இத்தனையா அக்கா?

அப்புறம் அவர் வேறு கிளாஸ் எடுத்துப் புதிதாக ஊற்றிக்கொண்டு எழுந்து நின்றார். மூன்று நிமிஷம் ஏதோ பேசினார். எனக்குப் புரிந்தது ‘ராடெக்’, ‘எனிகோ’ என்ற இரண்டு பெயர்கள் மட்டும். பேசி முடித்து, என் கண்ணை நேராகப் பார்த்து, கிளாஸை என் பக்கம் நீட்டினார். நான் என் கிளாஸை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

உனக்கு மறந்திருக்கும். அங்கே போய் நீயும் முட்டிக் குடிக்கப் பழகியிருப்பாய். 1849-இல், நம் விடுதலைப் போர் தோற்றபின், ஆராடில் நம் பதின்மூன்று தளபதிகளைக் கொன்ற அன்றைக்கு ஆஸ்திரியர்கள் பியர் கிளாஸை முட்டிக் கொண்டாடினார்கள் என்று சொல்வார்களே, அன்றிலிருந்து ஹங்கேரிக்காரன் பாலிங்காவை முட்டுவான், ஒயினை முட்டுவான், பியரை மட்டும் முட்டமாட்டான். பள்ளிக்கூடத்தில் படித்தது, ரத்தத்தில் ஊறியது. கை தானாகவே பின்னால் போய்விட்டது. அதில் என் இஷ்டம் என்று எதுவும் இல்லை. அவர் கிளாஸ் அந்தரத்திலேயே நின்றது. நுரை வழிந்து ஸ்தென்காவின் செருப்பில் சொட்டியது. எனிகோ என் காதோரம் வந்தாள்.

“அப்பா, முட்டுங்கப்பா.”

“பியராச்சேம்மா” என்றேன்.

லுபோமிர் கையை இறக்கினார். யாரையும் பார்க்காமல் தனியாகக் குடித்தார். அதற்குப் பிறகு மேஜையில் தேதிப் பேச்சு எழவே இல்லை. ஞாயிறு காலை பூசைக்கு மணி அடிப்பதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். வீட்டில் நாய் இவர்கள் இல்லாமல் சாப்பிடாதாம். எனக்குச் சந்தேகம் வந்து ராடெக்கைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டேன். அவன், “வாங்கப் போறோம் மாமா” என்றான்.

அன்றிலிருந்து எனிகோ என்னோடு நேராகப் பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு, “உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா” என்று அம்மாவிடம் சொல்கிறாள். அறைக்குள் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அழுகிற சத்தம் கேட்கிறது. பிரோஷ்காவைக் கேட்டால், “உங்களுக்கே தெரியும்” என்கிறாள். எனக்குத் தெரிந்திருந்தால் உனக்கு ஏன் எழுதப் போகிறேன்? லுபோமிர் போனை எடுக்கவில்லை. செப்டம்பரில் நமக்கென்று ஒதுக்கிய தேதியை எழுதிவைக்கலாமா, வேறு ஜோடிக்குக் கொடுக்கட்டுமா என்று சாமியார் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

ஆகவே அக்கா, உனக்குப் புண்ணியமாகப் போகும், அத்தானைக் கூட்டிக்கொண்டு பிர்னோவிலிருந்து ஒரு பஸ் ஏறி விசோவிட்சேவுக்குப் போய் வா. வெறுங்கையோடு போகாதே, பாப்பி விதை வைத்த பலகாரம் செய்து எடுத்துப் போ. என் தம்பி வெகுளி, ஒன்றும் தெரியாதவன், முட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, பிறந்த நாளிலிருந்து இன்று வரை அவன் பியர் கிளாஸை முட்டியதே கிடையாது, குற்றமெல்லாம் சரித்திரத்தினுடையது என்று எடுத்துச் சொல். பெண்ணைக் கொடுப்பதில் எனக்குப் பரிபூரண சம்மதம் என்பதையும் சொல். தூரத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. இரண்டு ரயில், ஒரு பஸ், அவ்வளவுதானே. நீயும்தான் முப்பத்தைந்து வருஷமாக அங்கே இருக்கிறாய், நாங்கள் என்ன குறைந்தா போய்விட்டோம்? பெண் என்றால் போகத்தான் வேண்டும். இதையெல்லாம் நான் தெளிவாக யோசித்து முடித்துவிட்டேன் என்று அவரிடம் அழுத்திச் சொல்.

உனக்கும் அத்தானுக்கும் மாதா துணையிருக்கட்டும். ஆபரேஷன் ஆன கண்ணில் அத்தான் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். பிரோஷ்கா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எனிகோவும் சொல்லியிருப்பாள், பேசியிருந்தால்.

என்றும் உன் பிரியமுள்ள தம்பி,
வெந்தெல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இதை எழுதவேண்டியதாகிவிட்டது. லுபோமிர் வீட்டு விலாசத்தில் எழுத்துக்கு எழுத்து மேலே கொக்கி வருகிறது, எனக்கு எழுத வரவில்லை. எழுதித் தரச் சொல்லு என்று பிரோஷ்கா மூலமாக எனிகோவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் வந்து, விலாசத்தை எழுதாமல், கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுக்கப் படித்தாள். நாயை வாங்கப்போகிற இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

“அப்பா, பியரை முட்டக் கூடாதுங்கறதுக்கு நூத்தம்பது வருஷம்தான் கெடு. அது நான் பொறக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. போன மாசம் தபால்காரர் பேரன் ஞானஸ்நானத்துல எட்டு பேரோட பியர் கிளாஸை முட்டினீங்க. நான்தான் உங்க சட்டையைத் துவைச்சேன். அவங்க அப்பா கண்ணைப் பாத்து முட்டுவார், கண்டிப்பா முட்டணும்னு ராடெக் ஒரு தாள்ல எழுதியே கொடுத்தான். அன்னிக்கு அது உங்க பையிலதான் இருந்துது.”

ஆமாம் அக்கா, தெரியும். ஒன்றுவிடாமல் தெரியும். அவர் கிளாஸை நீட்டிய நேரத்தில், இதை முட்டினால் என் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது என்று பட்டது. ஒரு நிமிஷம் தள்ளிப் போடலாம் என்றுதான் கையை இழுத்தேன். பிறகு நீட்ட முடியவில்லை. கௌரவமான காரணம் ஒன்று வேண்டியிருந்தது, சரித்திரம் கைகொடுத்தது. மேலே எழுதியதில், அவர்களுக்கு நுரைதான் பியரின் பெருமை, பழசின் மேல் புதுசை ஊற்றுவது அவமானம் என்கிற விஷயம் ஒன்றுதான் சத்தியமாக எனக்குத் தெரியாதது. மற்றதை நீ நம்பவேண்டாம்.

எனிகோ கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “நான் போக வேணாம்னா வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?”

சொல்லியிருந்தால் அவள் போகச் சம்மதித்திருக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

நீ எங்கேயும் போகவேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கொள். விலாசத்தை எனிகோ எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமை ரயிலில் நான் விசோவிட்சேவுக்குப் போகிறேன். பாலிங்கா கொண்டுபோகவில்லை. பியரில்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.